கழுத்தைப் பார்த்து டி-ஷர்ட் வாங்குங்கள்

கடையில் டி-ஷர்ட்டைக் கையில் எடுத்ததும் நெஞ்சில் என்ன அச்சடித்திருக்கிறது என்று பார்ப்போம், அடுத்து விலைச்சீட்டு. அந்த இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டுக் கழுத்துப் பட்டியைப் பிடியுங்கள். டி-ஷர்ட்டுக்கு வயதாவது முதலில் தெரிவது அங்கேதான். காலர், பொத்தான், பை எதுவும் இல்லாத உடுப்பு இது. பார்க்கிறவர் கண் நேராகக் கழுத்துக்கும் தோளுக்கும்தான் போகும். கழுத்து தொய்ந்துவிட்டால், மற்றதெல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது வீட்டோடு போடுகிற சட்டைதான்.

இந்த உடுப்பின் சரித்திரமும் கழுத்தில்தான் தொடங்குகிறது. பழைய உள்சட்டைகளுக்கு முன்பக்கம் பொத்தான் வரிசை இருந்தது. 1904ல் அமெரிக்காவின் கூப்பர் அண்டர்வேர் கம்பெனி, தலைவழியே போட்டுக்கொள்ளும் உள்சட்டை ஒன்றைக் கல்யாணமாகாத ஆண்களுக்கென்று விளம்பரம் செய்தது. பொத்தான் இல்லை, ஊக்கு வேண்டாம், ஊசிநூல் தொடவே வேண்டாம் என்பதுதான் விளம்பரத்தின் சாரம். பொத்தான் தைக்கத் தெரியாதவர்களைக் குறிவைத்த சரக்கு! 1913ல் அமெரிக்கக் கடற்படை, வட்டக் கழுத்தும் அரைக்கையும் உள்ள வெள்ளைப் பருத்தி உள்சட்டையைச் சீருடைக்கு உள்ளே போட வழங்கியது. வெக்கையான வேலையிடங்களில் மாலுமிகள் மேல்சட்டையைக் கழற்றிவிட்டு இதோடு நின்று வேலை பார்த்தார்கள். தலை நுழையும்வரை விரிந்து, நுழைந்ததும் பழையபடி சுருங்கும் கழுத்து. அந்த ஒரு ஏற்பாட்டில்தான் டி-ஷர்ட் நிற்கிறது.

ஆகவே சோதனையும் அதற்கேற்றபடி. பட்டியின் இரு ஓரத்தையும் பிடித்து இழுங்கள். பெரியவர்களுக்கான சட்டையில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை 30 செ.மீ., அதாவது சுற்றளவு 60 செ.மீ. வரையாவது நூல் தெறிக்கும் சத்தம் கேட்காமல் விரியவேண்டும். விட்டதும் அலை அலையாக நிற்காமல் படியவேண்டும். பட்டியின், வரிவரியாகப் பின்னிய ரிப் துணியில் ஏறக்குறைய 5 விழுக்காடு லைக்ரா இருந்தால் இந்த மீள்தன்மை நெடுநாள் இருக்கும். முழுப் பருத்தி ரிப் முதலில் ஒழுங்காக இருந்துவிட்டு, பத்துப் பதினைந்து துவைப்பில் வாய்பிளக்கத் தொடங்கும். தையற்காரர் ரிப்பைக் கழுத்து வெட்டைவிடக் கொஞ்சம் குட்டையாக வெட்டி, இழுத்துப் பிடித்துத் தைக்கவேண்டும். நீளம் கூடினால் பட்டி மேலே எழும்பி நிற்கும். ரொம்பக் குறைந்தால் கழுத்தைச் சுற்றிச் சட்டை சுருக்கம் சுருக்கமாக விழும். மேசையில் விரித்துப் போட்டாலே இரண்டும் தெரிந்துவிடும்.

பிறகு கழுத்தின் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஒரு தோளிலிருந்து மறு தோள்வரை, துணி ஓரத்தைச் சுற்றி அடிக்கும் ஓவர்லாக் தையலை மூடி ஒரு டேப் ஓடவேண்டும். பிடரியோடு மட்டும் டேப் நின்றுவிட்டால் சுமார் ரகம். டேப்பே இல்லாமல் ஓவர்லாக் நூல் வெளியே தெரிந்தால் தோள் தையல் நாளடைவில் நீண்டு, கை கீழே இறங்கிவிடும்.

துணி

டி-ஷர்ட்டை, திருப்பூர்க்காரர்கள் பனியன் துணி என்று சொல்லும் சிங்கிள் ஜெர்சியில்தான் பெரும்பாலும் அடிப்பார்கள். வட்டப் பின்னல் எந்திரத்தில் வரும் துணி. அதன் கனத்தைச் சொல்லும் அளவு ஜி.எஸ்.எம்., அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம். லேபிளில் இதைப் போடமாட்டார்கள். ஆனால் சமையலறைத் தராசு இருந்தால் கண்டுபிடித்துவிடலாம். ஆண்களுக்கான எல் அளவு அரைக்கை டி-ஷர்ட் ஒன்றுக்கு ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர் துணி செலவாகிறது. ஆகவே எல் சட்டை 150 கிராம் எடை நின்றால் துணி கிட்டத்தட்ட 150 ஜி.எஸ்.எம்.; 180 கிராம் நின்றால் 180. எம் அளவுக்குப் பத்துப் பங்கில் ஒரு பங்கு கூட்டியும் எக்ஸ்எல்லுக்கு அதேபோல் குறைத்தும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நம் மொரீஷியஸ் தீவில் ஒரே கனம் எல்லா இடத்துக்கும் சரிவராது. போர்ட் லூயியிலும் கடற்கரை ஊர்களிலும் டிசம்பர் முதல் மார்ச் வரை 140 முதல் 150 ஜி.எஸ்.எம். போதும், அதற்குமேல் போனால் வியர்வை முதுகோடு ஒட்டிக்கொண்டு காயாது. குளிரான மேட்டுநிலத்துக் கியூர்பிப், வாக்வா பக்கம் ஜூலை, ஆகஸ்டில் 180 முதல் 200 வரை சுகமாக இருக்கும். வருஷம் முழுக்க ஒன்றே போதும் என்பவர்கள் 160ல் நிற்கலாம். 130க்குக் கீழே போவது எங்கும் வீண். வெள்ளையாக இருந்தால் உள்ளே இருப்பது எல்லாம் தெரியும். எந்த நிறமானாலும் இடுப்புப் பக்கம் சீக்கிரம் ஓட்டை விழும். வெள்ளைச் சட்டைக்குக் கையை உள்ளே விட்டுப் பாருங்கள். விரல் இடுக்கு தனித்தனியாகத் தெரிந்தால் வைத்துவிடுங்கள்.

கனம் மட்டும் தரம் ஆகாது. 200 ஜி.எஸ்.எம். சட்டை சொரசொரப்பாக இருக்கலாம். 150 சட்டை வழுவழுவென்று இருக்கலாம். அது நூலைப் பொறுத்தது. நூல் கவுண்ட் கூடக்கூட நூல் மெல்லியது. 30ஆம் கவுண்ட் நூலில் 140 முதல் 160 வரையான துணி வரும். 20ஆம் கவுண்டில் 180க்கு மேல். அதைவிட முக்கியமானது, நூற்பதற்கு முன் குட்டை இழைகளைச் சீவி எடுத்தார்களா என்பது. சீவிய பருத்தியைத் தொழிலில் கோம்டு என்பார்கள். பிரெஞ்சு லேபிள் போட்ட சட்டையில் கோத்தோன் பேன்யே என்றிருக்கும். சீவாத நூலின் குட்டை இழைகள் ஒவ்வொரு துவைப்பிலும் வெளியே வந்து, அக்குளிலும் பை உரசும் இடத்திலும் உருண்டை உருண்டையாகத் திரளும். கடையிலேயே தெரிந்துகொள்ள, துணியை உட்பக்கமாகத் திருப்பி ஓரத்தில் கட்டைவிரலால் இருபது தடவை அழுத்தித் தேய்த்துவிட்டு வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடியுங்கள். ரோமம் எழும்பி நின்றால் பிறகும் எழும்பும். ஒரு எச்சரிக்கை: சில சட்டைகள் கடையில் பட்டாக இருப்பது சிலிகான் சாஃப்ட்னர் போட்டதால். மூன்று நாலு துவைப்பில் அது போய்விடும். வழுவழுப்பை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

அடுத்த வியாதி முறுக்கு. நாலைந்து தடவை துவைத்தபிறகு பக்கத் தையல் தொப்புளை நோக்கி நகர்ந்து வரும், பார்த்திருப்பீர்கள். நூற்கும்போது நூலுக்குள் ஏறிய முறுக்கு, தண்ணீர் பட்டதும் தளர்ந்து திரும்பப் பார்க்கிறது. அதோடு கண்ணிகளும் ஒரு பக்கமாகச் சாய்கின்றன. வட்ட எந்திரத்தில் ஒரே சுற்றில் பல நூல்கள் ஊட்டப்படுவதும் இந்தச் சாய்வைக் கூட்டுகிறது. துணியைச் சூட்டில் நேராக இழுத்துப் பிடித்துக் காயவைத்தால் கடைக்கு வரும்போது குற்றம் தெரியாது. வீட்டில் முதல் துவைப்பில் தெரியும். கீழ் ஓரத்திலிருந்து ஒரு கண்ணி வரிசையை விரலால் பிடித்து மேலே போய்ப் பாருங்கள். 70 செ.மீ. நீளச் சட்டையில் மூன்றரை செ.மீ. வரை விலகினால் தொழிலில் பொறுத்துக்கொள்வார்கள். அதற்குமேல் போனால் திருப்பிக் கொடுக்கவேண்டிய சரக்கு. பக்கத் தையலே இல்லாத குழாய் டி-ஷர்ட்டிலும் இதே முறுக்கு உண்டு. காட்டிக்கொடுக்கத் தையல் இல்லை, அவ்வளவுதான்.

சுருக்கத்துக்கும் காரணம் இழுப்புத்தான். பின்னும்போதும் சாயம் போடும்போதும் துணி நீளவாக்கில் இழுபடுகிறது. தண்ணீரில் பழைய நிலைக்குத் திரும்புகிறது. காம்பாக்டிங் எந்திரத்தில் முன்கூட்டியே அழுத்திச் சுருக்கிய துணி பிறகு அதிகம் சுருங்காது. 5 விழுக்காடு வரை சாதாரணம். அதாவது 72 செ.மீ. நீளம் 68 ஆகும் என்று வைத்துக்கொண்டு வாங்குங்கள். இடுப்பில் சரியாக வந்து நிற்கும் புதுச்சட்டை, மாதம் போனால் தொப்பையைக் காட்டும்.

நூறு சதம் பருத்தி என்பதில் சந்தேகம் வந்தால், கீழ் மடிப்பின் உள்ளிருந்து ஒரு நூல் இழையை உருவித் தீக்குச்சியில் காட்டுங்கள். காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி. உருகிக் கறுத்த மணியாக இறுகினால் பாலியஸ்டர். ஆனால் துணி நூலைத்தான் எடுக்கவேண்டும். தையல் நூல் பெரும்பாலும் பாலியஸ்டராகவே இருக்கும், அதைப் பார்த்து ஏமாறவேண்டாம்.

தீவின் சரக்கும் மிச்சச் சரக்கும்

நம்மிடம் இவ்வளவு டி-ஷர்ட் கிடைப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கரும்பை மட்டும் நம்பியிருந்த தீவில், பேராசிரியர் எதுவார் லிம் ஃபாட் முன்வைத்த யோசனையின்படி 1970ல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் வந்தது. மண்டலம் என்று பெயரே தவிர வேலிபோட்ட இடம் எதுவும் இல்லை. தீவு முழுக்க எங்கு வேண்டுமானாலும் ஆலை வைக்கலாம். அதனால் ஆலைகள் ஊருக்குள் வந்தன, பெண்கள் வீட்டிலிருந்து போய்வர முடிந்தது. 1975ன் லோமே ஒப்பந்தம் ஐரோப்பாவுக்குத் தீர்வையில்லாமல் அனுப்ப வழி திறந்தது. ஹாங்காங் முதலாளிகள் வந்தார்கள். 2005 ஜனவரி 1ல், எந்த நாடு எவ்வளவு அனுப்பலாம் என்று வரம்பு கட்டிய உலகத் துணி ஒதுக்கீட்டு முறை முடிவுக்கு வந்ததும் அவர்களில் பலர் கிளம்பினார்கள்; மலிவுச் சரக்கில் சீனாவோடு மோதமுடியாது. நிலைத்து நின்ற ஆலைகள் நல்ல நூலையும் சுத்தமான தையலையும் நம்பி ஐரோப்பாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் அனுப்புகின்றன. அம்மா, அத்தை, சின்னம்மா என்று ஓவர்லாக் எந்திரத்தில் உட்கார்ந்தவர்கள் பல வீட்டில் இருக்கிறார்கள். வாங்குவதற்கு முன் அவர்கள் கையில் கொடுத்து ஒருதரம் காட்டுவது எந்தக் கையேட்டையும்விட மேல்.

ஃப்ளோரெயால் கடைகளிலோ, வியாழனும் ஞாயிறும் கூடும் காத்ர் போர்ன் துணிச் சந்தையிலோ கிடைக்கும் ஏற்றுமதி மிச்சம் இரண்டு வகை. ஆர்டருக்கு மேல் கூடுதலாக அடித்தது, அல்லது ஆர்டர் ரத்தானது, அதில் குற்றமில்லை. மற்றது செக்கிங்கில் தள்ளிய செகண்ட்ஸ். லேபிளை வெட்டியிருந்தால் எது எது என்று வெளியில் தெரியாது. எந்தக் குற்றத்துக்காகத் தள்ளினார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

சட்டையை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். மேலிருந்து கீழாக ஒரே கோடாக வெளிச்சம் தெரிந்தால் பின்னல் ஊசி கெட்டிருந்தது என்று அர்த்தம். கோடு மெல்லியதாக இருந்தால் பரவாயில்லை, விலையில் குறைத்துக் கேளுங்கள். கண்ணி விட்ட ஓட்டை என்றால் வேண்டாம், அது ஓடும். கையையும் உடம்பையும் பக்கத்தில் வைத்துப் பகல் வெளிச்சத்தில் நிறம் ஒத்துப்போகிறதா பாருங்கள். குழல்விளக்கில் ஒன்றுபோல் தெரியும் இரண்டு கறுப்பு வெயிலில் ஒன்று பச்சையாகவும் ஒன்று சிவப்பாகவும் அடிக்கும். இதையெல்லாம்விட மோசமானது ஊசி வெட்டு. மழுங்கிய ஊசியோ, ஈரப்பதம் போன துணியோ இருந்தால், தைக்கும் ஊசி கண்ணிக்கு நடுவே போகாமல் நூலையே அறுத்துவிடும். கீழ் மடிப்பையும் தோள் தையலையும் இரு கையாலும் இழுத்துப் பாருங்கள். தையல் வழியே ஊசிமுனை அளவு ஓட்டைகள் வரிசையாகக் கண்ணில் பட்டால் அந்தச் சட்டை அஞ்சாறு துவைப்பில் தையலோடு பிரியும். எண்ணெய்க் கறை இருக்கிறதே என்று தள்ளிவிடாதீர்கள். எந்திர எண்ணெய் பாத்திரம் துலக்கும் திரவத்தில் பெரும்பாலும் போய்விடும். அதற்காகவே விலை குறைத்த நல்ல சட்டைகள் உண்டு.

அளவு

லேபிளில் இருக்கும் எழுத்தை நம்பவேண்டாம். ஆசிய ஆர்டரின் எல், ஐரோப்பிய ஆர்டரின் எம்மாக இருக்கும். மிச்சச் சரக்கில் இரண்டும் ஒரே குவியலில் கிடக்கும். வீட்டில் உங்களுக்கு நன்றாகப் பொருந்தும் ஒரு சட்டையை விரித்து, அக்குளுக்கு இரண்டரை செ.மீ. கீழே குறுக்களவையும், தோளிலிருந்து கீழ் ஓரம்வரை நீளத்தையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சந்தைக்கு ஒரு அளவு டேப் போதும். அப்படி ஒரு சட்டை இல்லையென்றால், மார்புச் சுற்றளவோடு 8 முதல் 10 செ.மீ. சேர்த்து இரண்டால் வகுத்தால் குறுக்களவு கிடைக்கும். ஒட்டிப் போட விரும்பும் இளைஞர்கள் 5 செ.மீ. சேர்க்கட்டும். 20க்குமேல் சேர்த்தால் ஓவர்சைஸ்.

தோள் தையல் தோள் எலும்பின் முனையில் உட்காரவேண்டும். மற்ற எதையும் தையற்காரர் சரிசெய்வார். தோளைச் சரிசெய்வது புதுச்சட்டை தைப்பதற்குச் சமம். கையின் ஓரம் முழங்கைக்கும் தோளுக்கும் நடுவில் நிற்கட்டும், உள்ளே இரண்டு விரல் நுழையட்டும். நீளம் பேண்டின் ஜிப்புக்குப் பாதிவரை. அதற்குக் கீழே போனால் கால் குட்டையாகத் தெரியும். உயரம் குறைந்தவர்கள் இதில் கறாராக இருக்கவேண்டும்.

வயிறு முன்னால் வந்தவர்கள் பெரிய அளவுக்குப் போவது வழக்கம். அது தோளைக் கெடுக்கும். தோளுக்கு ஏற்ற அளவில், 180க்கு மேல் கனமான, கடும் நீலம் அல்லது கறுப்பு எடுங்கள். மெல்லிய துணிதான் வயிற்றோடு ஒட்டி வரைபடம் போடும். கனத்த துணி நேராகத் தொங்கும்.

உள்சட்டையாகப் பிறந்த இது வெளியில் தைரியமாக நடமாடத் தொடங்கியது இரண்டாம் உலகப்போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களால். 1951ல் அமெரிக்க நடிகர் மார்லன் பிராண்டோ உடம்போடு ஒட்டிய டி-ஷர்ட்டில் திரையில் வந்தபோது அது உள்ளாடை என்ற கூச்சம் உடைந்தது. கவனித்துப் பார்த்தால் அவருடைய சட்டையின் அழகும் அளவில்தான் இருந்தது: கை புஜத்தோடு நின்றது, தோள் தோளில் நின்றது. எழுபது வருஷத்தில் பேண்டின் அகலம் எத்தனையோ தரம் மாறிவிட்டது, இந்த இரண்டு இடம் மாறவில்லை.

இன்னொன்று: டி-ஷர்ட்டுக்குள் பனியன் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். போட்டிருப்பதே பனியன்தான். வெள்ளையில் உள்ளே தெரிகிறது என்றால் துணிதான் மெல்லியது. முதல் டி-ஷர்ட்டாக வெள்ளையை எடுக்கச் சொல்வார்கள். எங்கள் சிபாரிசு கடும் நீலமும், பல சாயல் இழை கலந்த சாம்பல் மெலாஞ்சும். கறை பொறுக்கும், லினன் பேண்டோடும் ஜீன்ஸோடும் போகும், அலுவலகத்தில் பிளேசருக்குள்ளும் போடலாம். மெலாஞ்சில் ஒரே குறை, அக்குள் வியர்வை வட்டம் போட்டுக் காட்டும். பேருந்தில் போர்ட் லூயி போகிறவர்கள் நீலத்தோடு நின்றுகொள்ளலாம்.

காவடிக்கு அடிக்கும்போது

தைப்பூசக் காவடி நெருங்கினால் ஒவ்வொரு கோவிலிலும் தொண்டர்களுக்கு டி-ஷர்ட் அடிக்கும் பேச்சு வந்துவிடும். சட்டையில் எழுத்து அடிப்பது புதிதல்ல. 1942 ஜூலை 13 தேதியிட்ட லைஃப் இதழின் அட்டையில் விமானப்படைத் துப்பாக்கிப் பயிற்சிப் பள்ளியின் பெயர் அச்சிட்ட டி-ஷர்ட்டோடு ஒரு வீரர் நிற்கிறார். 1948ல் அமெரிக்க அதிபர் வேட்பாளர் தாமஸ் டூயி தேர்தலுக்கே அடித்தார், தோற்றும் போனார். 1984ல் வடிவமைப்பாளர் கேத்தரின் ஹாம்னெட் ஏவுகணை எதிர்ப்பு வாசகத்தைக் கொட்டை எழுத்தில் அணிந்து பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சரோடு கைகுலுக்கினார். இவற்றில் பொதுவானது, கொஞ்சமான சொல், பெரிய எழுத்து. நம்மவர்கள் கோவில் பெயர், வருஷம், ஊர், நன்கொடையாளர் ஏழுபேர், ஒரு மயில், ஒரு கோபுரம் என்று எல்லாவற்றையும் முதுகில் ஏற்றிவிடுகிறோம்.

முதல் ஆபத்து எழுத்தில். அச்சகத்தில் இருப்பவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்க வாய்ப்பு அதிகம். அவருடைய கணினியில் தமிழைக் கோக்கும் வசதி இயங்காவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ‘வெற்றிவேல்’ என்று அனுப்பினால் இரண்டு கொம்பும் இரண்டு ‘வ’வுக்கும் பின்னால் விழுந்திருக்கும், ‘தொண்டர்’ என்பதில் கொம்பு ‘த’வுக்கும் காலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, பக்கத்தில் புள்ளி வட்டம் ஒன்று முளைத்திருக்கும். அவர் கண்ணுக்கு அது குற்றமாகவே படாது. இல்லஸ்ட்ரேட்டரில் செய்கிறவர் தெற்காசிய மொழிகளுக்கான கம்போசரை இயக்கவேண்டும். அதைவிடப் பாதுகாப்பானது, தமிழ் தெரிந்தவரே எழுத்தைக் கோத்து, அவுட்லைனாக மாற்றி, பி.டி.எஃப். கோப்பாகக் கொடுப்பது. வாட்ஸப்பில் சொல்லாகத் தட்டி அனுப்பவே கூடாது.

இரண்டாவது, எழுத்தின் தடிமன். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் மை கொஞ்சம் பரவும். ‘ஞ’, ‘ண’, ‘இ’ இவற்றின் உள்வளைவு ஒரு மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அடைத்துக்கொள்ளும். மெய்யெழுத்தின் புள்ளி ஒன்றரை மில்லிமீட்டருக்குக் குறைந்தால் ஸ்கிரீனிலேயே விழாமல் போகும், அல்லது சில துவைப்பில் உதிரும். புள்ளி போன தமிழ் படிப்பவருக்கு வேடிக்கை. ஆகவே சிறிய வரியும் 12 மி.மீ. உயரத்துக்குக் குறையவேண்டாம், கோடு ஒரு மி.மீ.க்கு மேல் தடித்த எழுத்துருவாக இருக்கட்டும். தடித்த எழுத்துக்கு 43 இழை, நுணுக்கமான வேலைக்கு 77 இழை ஸ்கிரீன் என்று அச்சகத்தோடு பேசுங்கள். இது ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை நூலிழை என்ற கணக்கு. முடிவு செய்யுமுன் நிஜ அளவில் தாளில் அச்செடுத்து ஒருவர் நெஞ்சில் ஒட்டி, மூன்று மீட்டர் தள்ளி நின்று படியுங்கள்.

மூன்றாவது, நிறம். காவடி என்றால் ரோஸும் மஞ்சளும். ரோஸ் துணிமேல் மஞ்சள் மையை நேராக அடித்தால் ஆரஞ்சாகத்தான் தெரியும். கீழே வெள்ளை அடித்து அதன்மேல் மஞ்சள் வரவேண்டும். அது இரண்டு ஸ்கிரீன், அதற்குத் தக்க விலை. மலிவு என்று ரோஸ் பாலியஸ்டர் எடுத்தால் வேறொரு வம்பு: சூட்டில் துணியின் சாயம் ஆவியாகி மைக்குள் ஏறும், வெள்ளை எழுத்து இரண்டு மூன்று நாளில் இளம் ரோஸாகிவிடும். பாலியஸ்டருக்கென்று உள்ள மையை, குறைந்த சூட்டில் காய்ச்சவேண்டும். ஜனவரி, பிப்ரவரி வெயிலில் சாலையோரம் தண்ணீர் கொடுக்கும் தொண்டருக்குப் பாலியஸ்டரே வேண்டாம் என்பதுதான் சரி. 150 ஜி.எஸ்.எம். பருத்தி, முதுகில் ஒரு வரி, நெஞ்சில் உள்ளங்கை அளவில் ஒரு வேல், போதும். முதுகு முழுவதும், பிளாஸ்டிக் படலமாக உறையும் பிளாஸ்டிசால் மையில் படம் அடித்தால் அந்த இடத்தில் காற்றுப் போகாது. முருகன் படத்தை அடித்தால் அதன்மேல் உட்காருவதும் அழுக்குக் கூடையில் போடுவதும் நேரும், பெரியவர்கள் வருத்தப்படுவார்கள். வேல், மயிலிறகு, கோவில் பெயர் போன்றவற்றில் இந்தச் சங்கடம் குறைவு.

பிளாஸ்டிசால் மை 160 டிகிரி சூட்டில் முழுதாகக் காயவேண்டும். அவசரத்தில் சூடு குறைந்தால் மேலே காய்ந்து உள்ளே பச்சையாக நிற்கும். மாதிரிச் சட்டையில் அச்சை ஒன்றரைப் பங்கு நீளத்துக்கு இழுத்துப் பாருங்கள். வெடித்தால் காயவில்லை. முப்பது சட்டைக்குக் குறைவாக இருந்தால், அல்லது ஒவ்வொன்றிலும் வேறு பெயர் வேண்டுமானால், ஸ்கிரீன் செலவு கட்டாது, படத்தைப் படலத்தில் அச்சிட்டுச் சூட்டில் ஒட்டும் டி.டி.எஃப். முறையில் செய்யச் சொல்லுங்கள். சாயத்தை ஆவியாக்கி இழைக்குள் ஏற்றும் சப்ளிமேஷன் வெளிர்நிறப் பாலியஸ்டருக்கு மட்டும்.

அளவுகளை ஆளாளுக்குக் கேட்டு வாங்குவது நல்லது. கேட்க முடியாவிட்டால், பெரியவர்கள் நூறுபேருக்கு எஸ் 10, எம் 25, எல் 30, எக்ஸ்எல் 22, அதற்குமேல் 10, அதற்கும்மேல் 3 என்று தொடங்கலாம். கடைசி நேரத்தில் சேருபவர்களுக்காக ஐந்து சட்டை எக்ஸ்எல்லில் கூடுதலாக. கிறிஸ்துமஸ், புத்தாண்டு விடுமுறையில் ஆலையும் அச்சகமும் மூடும். அதன்பின் புயல் எச்சரிக்கை வேறு வரும். ஆகவே டிசம்பர் முதல் வாரத்துக்குள் மாதிரியைப் பார்த்து, மூன்று தடவை துவைத்து, ஒப்புக்கொண்ட சட்டையில் கையெழுத்துப் போட்டு ஒன்றை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். தகராறு வந்தால் பேசுவதற்கு அந்தச் சட்டை இருக்கும்.

துவைப்பு

உட்பக்கமாகத் திருப்பி, 30 டிகிரியில், எந்திரத்தை முக்கால்வரை மட்டும் நிரப்பித் துவையுங்கள். நிறைய அடைத்தால் சட்டைகள் ஒன்றையொன்று தேய்த்து உருண்டை திரளும். சாஃப்ட்னர் வேண்டாம், அது இழைமேல் படலமாகப் படிந்து வியர்வை உறிஞ்சுவதைத் தடுக்கும். சூடான டிரையர் லைக்ராவைக் கொல்லும், அதாவது கழுத்தை.

காயப்போடுவதில்தான் அதிகத் தப்பு நடக்கிறது. ஈரச் சட்டையை ஹேங்கரில் மாட்டினால் தண்ணீரின் கனம் முழுவதும் தோளில் இறங்கும். நீளம் கூடி, தோளில் இரண்டு கொம்பு முளைக்கும். தோளில் கிளிப் போடுவதும் அப்படியே. சட்டையை அக்குளோடு அக்குளாகக் கொடிமேல் பாதியாக மடித்துப் போடுங்கள். உட்பக்கம் வெளியே இருக்கட்டும், நிழலாக இருக்கட்டும். நம் வெயில் கறுப்பையும் நீலத்தையும் சீக்கிரம் வெளுக்கும். கியூர்பிப்பில் மழை விடாத வாரத்தில், பிழிந்த சட்டையை உலர்ந்த துவாலையில் சுருட்டி மிதித்து எடுத்து, மின்விசிறிக்குக் கீழே போடுங்கள். ஒரு நாளுக்குமேல் ஈரமாகக் கிடந்தால் கரும்புள்ளிப் பூசணம் பிடிக்கும். வெள்ளையில் விழுந்தால் ஆக்சிஜன் பிளீச் போட்டு 60 டிகிரியில் எடுக்கலாம். கலரில் விழுந்தது பெரும்பாலும் போகாது.

அக்குளின் மஞ்சள் கறை வெறும் வியர்வையால் வருவதில்லை. வியர்வையை அடக்கும் டியோடரண்டின் அலுமினிய உப்பும் வியர்வையும் சேர்ந்து உண்டாக்குவது. குளோரின் பிளீச் ஊற்றினால் மஞ்சள் இன்னும் ஏறும். ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு நாலு பங்கு தண்ணீரில் ஒருமணி நேரம் ஊறவைத்து, நன்றாக அலசி, பிறகு 40 டிகிரித் தண்ணீரில் ஆக்சிஜன் பிளீச் கரைத்து ஊறப்போடுங்கள். வினிகரையும் குளோரின் பிளீச்சையும் எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள், விஷவாயு கிளம்பும்.

தால்பூரியின் ருகாய் என்னும் தக்காளிக் குழம்பு சிந்தினால் தக்காளியைவிட எண்ணெய்தான் எதிரி. தண்ணீர் படுமுன் பாத்திரம் துலக்கும் திரவத்தைத் தடவிப் பத்து நிமிஷம் விட்டு, குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள். மஞ்சள்தூள் கறை சோப்புப் பட்டதும் சிவக்கும். பயப்படவேண்டாம், அலசினால் பழைய மஞ்சளாகும். அதை மட்டும் நேர் வெயிலில் போடுங்கள். மஞ்சளின் நிறம் வெயிலுக்கு நிற்காது, இரண்டு மூன்று நாளில் மங்கிவிடும்.

காய்ந்த சட்டையை மடித்து அடுக்குங்கள், மாட்டவேண்டாம். அச்சுள்ள சட்டைக்கு உட்பக்கமாக மட்டும் இஸ்திரி. பிளாஸ்டிசால் மையில் நேராகப் பெட்டி பட்டால் மை இளகிப் பெட்டியிலேயே ஒட்டும், அடுத்த வெள்ளைச் சட்டையில் போய் இறங்கும்.